நாற்பத்தொரு மைக்ரான்

மகரந்தம் எண்ணுவது என் வேலை.
கண்ணாடித் தகட்டில் ஒரு சொட்டு கிளிசரின்,
அதற்குள் மூவாயிரம் ஆண்டுக்கு முந்தைய ஒரு கோடை.
பைன் என்றால் எலிக்காது இரண்டு.
பிர்ச் என்றால் முக்கோணம்.
புல்லுக்கு ஒரு லட்சணமும் கிடையாது,
ஒற்றைத் துளையோடு வழுக்கை உருண்டை.
அதுவே நாற்பது மைக்ரானைத் தாண்டினால்
பெயர் மாறும்: வாற்கோதுமை.
அதாவது, இங்கே ஒருவன் உழுதான்.

ஹானிசோ சதுப்பில் இரண்டு மீட்டர் ஆழத்துச் சேற்றில்
பதினான்கு மணிகள் கண்டேன். நாற்பத்தொன்று, நாற்பத்தொன்று.
அந்தப் பக்கத்து முதல் உழவனை
அறுநூறு ஆண்டு முன்னே நகர்த்தி எழுதினேன்.
செய்தித்தாளில் என் படம், ரப்பர் பூட்ஸோடு.
பள்ளிக்கூடச் சுவரில் அவன் படம்,
கலப்பையும் மஞ்சள் தாடியுமாக.

ஒன்பது ஆண்டு கழித்து, ஒரு பிப்ரவரியில்
வேறெதற்கோ அந்தப் பெட்டியைத் திறந்தேன்.
அதே தகடு. அதே மணி. நாற்பத்தாறு.
செத்தது வளருமா?
கிளிசரினில் ஊறினால் வளரும்.
நான் முதலில் அளந்தபோதே அது
இரண்டு குளிர்காலம் அலமாரியில் ஊறிக் கிடந்தது.
மிச்சச் சேற்றைக் குளிர்பெட்டியிலிருந்து எடுத்து
சிலிக்கான் எண்ணெயில் புதிதாய் ஏற்றினேன்.
முப்பத்துமூன்று. முப்பத்திரண்டு. முப்பத்துமூன்று.
புல்.

ஊர்மாஸ் என் கூட்டாசிரியன், கோயில் பக்கம் போகாதவன்.
"காத்திரு. நாளைக்கே யாராவது
நிஜ வாற்கோதுமையைத் தோண்டி எடுக்கலாம்.
களையும் கோதுமையும் அறுப்புவரை
சேர்ந்தே வளரட்டும் என்று
உன் ஆள்தானே சொன்னார்?" என்றான்.
அவர் சொன்ன வயல் உலகம், ஊர்மாஸ்.
என்னுடையது இருபத்திரண்டு மில்லிமீட்டர் சதுரம்.
இதில் அறுப்புக்காரி நான்தான்.

மாநாடுகளில் கேட்பார்கள்:
இவ்வளவு பழைய சேற்றை அளந்துவிட்டு
எப்படி ஜெபிக்கிறாய்?
கோயிலில் கேட்பார்கள்:
ஜெபித்துவிட்டு எப்படி அளக்கிறாய்?
இரண்டுக்கும் நல்ல பதில் வைத்திருந்தேன்.
அந்த வாரம் இரண்டும் உதவவில்லை.

ஞாயிறு. வெளியே மைனஸ் பத்தொன்பது.
பதினோரு பேர், கோட்டைக் கழற்றாமலே.
போதகர் ஹெய்லி தொடங்கினார், நாங்கள் சேர்ந்துகொண்டோம்:
சிந்தையாலும் சொல்லாலும் செயலாலும்
பாவம் செய்தோம்.
பன்மை ஒரு பெரிய கம்பளி.
பதினோரு பேரும் அதற்குள் புகுந்துகொண்டோம்.
எந்தத் தகடு, எத்தனை ஆழம் என்று
அங்கே யாரும் கேட்பதில்லை.

திங்கட்கிழமை ஆய்விதழுக்கு எழுத உட்கார்ந்தேன்.
'பிழை நேர்ந்துவிட்டது' என்று தொடங்கினேன்.
நேர்ந்ததாம், ஆலங்கட்டி மழை மாதிரி.
அடித்தேன்.
'பிழை செய்தேன். தகடு எண் 114. ஆழம் 210 சென்டிமீட்டர்.
அளந்தவள் நான்.
கட்டுரையைத் திரும்பப் பெறுகிறேன்.'
என் வாழ்நாளில் நான் செய்த பாவ அறிக்கைகளில்
எண்களோடு இருந்தது இது ஒன்றுதான்.

வெளிச்சம் உண்டாகக்கடவது என்றதைவிட
அடுத்த வரிமேல்தான் எனக்கு எப்போதும் ஆசை:
அவர் அதைக் கண்டார்.
நல்லது என்ற பேச்சு வந்தது கண்ட பிறகு.
நானோ சொல்லிவிட்டுப் பார்த்தவள்,
அதுவும் ஒன்பது ஆண்டு தாமதித்து.

இதழிலிருந்து தானியங்கிப் பதில் வந்தது:
உங்கள் மடல் கிடைத்தது, நன்றி.

பள்ளிக்கும் போனேன்.
குளிரில் சுண்ணாம்பு பிடிக்காது,
ஜூன் வரை அவன் உழுதுகொண்டிருக்கட்டும் என்றார்
தலைமையாசிரியை வைக்கே.
பிள்ளைகள் அவனுக்குப் பெயர் வைத்திருக்கிறார்களாம்.
கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன்.
பெயர் ஓட்.

அன்றிரவு ஜெபத்தில்
நோயாளிகளுக்கும் பயணிகளுக்கும் பிறகு
ஓட்டையும் சேர்த்துக்கொண்டேன்.
பிறக்கவே பிறக்காத ஒருவனுக்காக
என்ன கேட்பது என்று தெரியாமல்
பெயரை மட்டும் சொன்னேன்.